யாருக்குப் பக்கத்தில் யார்

ஏழு பேர் ஒரு பெஞ்சில் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்கு வடக்குப் பார்த்து உட்கார வேண்டும், அங்கே அப்படி என்ன அதிசயம் நடக்கிறது என்று எந்தப் பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை. சுயம்புகனியும் கேட்டதில்லை. சனிக்கிழமை மத்தியானம், தின்ற சோறு கண்ணில் வந்து நிற்கிற நேரத்தில்தான் இப்படியெல்லாம் தோன்றும். ஏ-க்கு வலப்பக்கம் சி, சி-க்கும் எஃப்-க்கும் நடுவில் ஒருவர், பி ஓரத்தில் இல்லை, ஈ-யும் ஜி-யும் ஒட்டி உட்காரமாட்டார்கள், அவர்களுக்குள் என்ன மனத்தாங்கலோ. கிழித்த காலண்டர் தாளின் முதுகில் கோடு போட்டு ஒவ்வொருத்தரையாக உட்காரவைத்தாள். எப்படி உட்காரவைத்தாலும் ஒரு ஓரத்தில் டி வந்து நின்றது. டி-க்கு இடப்பக்கம் யாரும் இல்லை என்று டைப் செய்து, ஏன் இல்லை என்பதை வரிசையாக விளக்கி, அனுப்பிவிட்டாள். இதுதான் வேலை. கம்பெனி வடக்கே ஏதோ ஒரு ஊரில் இருக்கிறது, அவள் பார்த்ததில்லை. நாலைந்து ஆப்புக்கும் சில பள்ளிக்கூடங்களுக்கும் பதில் போவது அங்கேயிருந்துதான். சமையல்கட்டு ஒன்று, வாசலில் போர்டுதான் வேறு வேறு. பிள்ளைகள் வீட்டுப்பாடக் கேள்வியைப் படம் பிடித்து அனுப்பும், அந்த நேரத்தில் யார் கை சும்மா இருக்கிறதோ அவர் திரையில் விழும், மேலே ஒரு கடிகாரம் பச்சையில் ஓடத் தொடங்கி மஞ்சளாகிச் சிவப்பாகும். அதற்குள் விடை போக வேண்டும். பிடிக்காவிட்டால் ‘ஸ்கிப்’ என்று ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் கேள்வி வேறு ஆளுக்குப் போய்விடும். சுயம்புகனி அதை ஒருநாளும் தொட்டதில்லை, அதில் அவளுக்கு ஒரு வீம்பு. பிள்ளையின் பெயர் இவளுக்குத் தெரியாது, இவள் பெயர் பிள்ளைக்குத் தெரியாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இவள் ‘சார்’தான். கேள்வியைக் காட்டிலும் அவளுக்குப் பிடித்தது படத்தின் ஓரம். தாளைப் பிடித்திருக்கும் மை ஒட்டிய விரல், பாதி கடித்த ரஸ்க், அப்பாவின் கைலி நுனி, குறுக்கே நீளும் கைக்குழந்தையின் கை. விடையை எழுதி முடித்த பிறகும் அந்த ஓரத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தர்ஷனா இருக்கிறாள். இருக்கிறாள் என்பது ஃபேன் சத்தத்தை வைத்துச் சொல்வது. கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே தாழ்ப்பாளும் போட்டிருக்கிறது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை மத்தியானம் கதவைச் சாத்தினால் படிக்கிறது என்று அர்த்தமா, தூங்குகிறது என்று அர்த்தமா, அம்மா மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அர்த்தமா? தரவு போதாது. பார், இப்பவும் அந்தத் திரை விடைதான் வாயில் வருகிறது. நாக்கை அறுத்துப் போட்டால்கூட அது அறுந்த இடத்திலிருந்து ‘தரவு போதாது’ என்றுதான் சொல்லும்போல. ஜூன் மாதம் தென்காசியை விட்டுப் பாளையங்கோட்டைக்கு வந்ததே பிள்ளைக்காகத்தான். நல்ல பள்ளிக்கூடம், இங்கிலீஷ் வரும், நாலு பேரோடு பழகும். தென்காசியில் தான் பார்த்த டீச்சர் வேலையையும் அதற்காகத்தான் விட்டாள். வந்த புதிதில் பிள்ளை ராத்திரிச் சாப்பாட்டில் ஒன்றிரண்டு பேர் பெயர் சொல்லும், பிறகு சொல்வதை நிறுத்தியது, நிறுத்தியதை இவள் கவனிக்கவில்லை. அப்புறம்தான் அந்தச் சாயங்காலம். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது. திரையில் ஒரு கேள்வி மஞ்சளில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கூற்று, இரண்டு முடிவு, எந்த முடிவு கூற்றிலிருந்து வருகிறது? தர்ஷனா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து மேஜை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அம்மா, என் பக்கத்துல யாருமே உக்கார மாட்டுக்காவோ. என்னைய யாருக்குமே புடிக்கல.” சுயம்புகனி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். எடுத்தால் கழுத்தா சுளுக்கிவிடும்? “மொதல்ல சொன்னதுல இருந்து ரெண்டாவது வராது கண்ணு. உக்காராததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்லா” என்றாள். சொல்லிவிட்டு, அதே சூட்டில் திரையிலும் ‘முடிவு வராது’ என்பதைத் தேர்ந்தெடுத்தாள். திரைக்கேள்விக்கு அது சரியான விடை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது மேஜை முனையில் ஆள் இல்லை. அன்றைக்குச் சாத்திய கதவுதான். அதற்கப்புறம் என்ன கேட்டாலும் ‘ம்’, ‘இல்ல’, ‘ஒன்னுமில்ல’. சரியா தவறா என்று டிக் அடிக்கிற மாதிரி ஒரு பிள்ளை தாயிடம் பேசுமா? பேசுகிறது.

அடுத்த கேள்விக்காகத் திரை சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ராஜதுரை. காற்றாலையில் வேலை, வாரம் ஒருநாள்தான் வீடு, போனில் அவனுக்கு முன்னால் காற்றுதான் பேசும். “என்ன செய்தியோ?” என்றான். “வேலைதான்.” “பிள்ளை எங்க?” “உள்ள படிக்கா.” “எப்பம் போன் போட்டாலும் படிக்கான்னுதான் சொல்லுத. எங்கிட்டக்கூடப் பேச மாட்டுக்கா. நீ கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளேன்.” “கேக்காமலா இருக்கேன்? கேட்டா ஒன்னுமில்லங்கா.” “சாப்பிடுதாளா ஒழுங்கா?” அதற்கு மட்டும் சுயம்புகனிக்குச் சட்டென்று தெம்பு வந்தது. “அதெல்லாம் சாப்பிடுதா. டிபன் டப்பா தெனமும் தொடச்ச மாதிரி காலியாத்தான் வருது. பிள்ளைவளோட சேந்து தின்னாத்தான் அப்படித் தீரும். தனியா இருந்து திங்குத பிள்ளைன்னா மிச்சம் வைக்கும்லா.” காற்று என்னவோ சொன்னது. “செரி, அப்பம் ஒன்னுமில்ல” என்றான் ராஜதுரை. “ஒன்னுமில்ல” என்றாள் இவளும். போனை வைத்த பிறகு அந்தச் சொல் மேஜைமேல் கிடந்தது. ஒன்னுமில்ல. வீட்டில் மூன்று பேரும் ஒரே விடையைத்தான் எழுதுகிறார்கள், யார் யாரைப் பார்த்துக் காப்பி அடித்தார்களோ. பேப்பரில் சில செய்திகள் வரும், சின்னப் பிள்ளைகள், கதவைச் சாத்திக்கொண்டு. சுயம்புகனி அந்தப் பக்கத்தை மடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். மடித்தால் மட்டும் இல்லாமல் போகுமா? போகாது. பயம்தான், வேறு என்ன. பிள்ளை இனிமேல் நம்மிடம் எதையுமே சொல்லாது என்கிற பயம். வயிற்றுக்குள்ளே அது ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. ஃபேன் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்தாள். ஓடியது.

திரை நின்றது. புதுக் கேள்வி. கடிகாரம் பச்சை. ஆங்கிலம், ஒன்பதாம் வகுப்பு, கடிதம் எழுதுதல். ‘உன் தோழி புதிய பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். அங்கே தனிமையாக உணர்கிறாள். அவளுக்கு ஆறுதல் சொல்லி ஒரு கடிதம் எழுதுக.’ அப்பாடா, சுலபமான கேள்வி. இது வாரத்துக்குப் பலமுறை வரும், இதற்கென்றே ஒரு பதில் தயாராக எடுத்துவைத்திருக்கிறாள், ஒட்டினால் முடிந்தது. ஒட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல் கண் ஓரத்துக்குப் போனது. புத்தகத்துக்குக் கீழே படுக்கை விரிப்பு, மஞ்சள் துணியில் பச்சைக் கிளிகள். இந்த மாதிரி விரிப்பு ஊருக்கெல்லாம் இருக்கும், ஆடித் தள்ளுபடியில் மலையாகக் குவித்துத்தானே விற்றார்கள். ஒரு கிளிக்கு மட்டும் வால் இல்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக, முனை கூராக, ஒரு சூட்டுத் தடம். சுயம்புகனி படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை. போன மாதம் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு காலையில் யூனிஃபார்மைக் கட்டில்மேலே போட்டுத் தேய்க்கிறேன் என்று இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பால் பொங்குகிறது என்று ஓடியது அவள்தான். தாளின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல், நகம் சதைவரைக்கும் கடித்திருந்தது. நகம் கடிக்கிற பழக்கம் இந்தப் பிள்ளைக்கு எப்போது வந்தது? கையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், அவள் பெற்ற பிள்ளை கிளி விரிப்பின்மேல் உட்கார்ந்து, எங்கேயோ இருக்கிற ஒரு சாரிடம் கேள்வி கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஆப்பாக இருக்கும், அதற்கும் இதே சமையல்கட்டுதான்போல. இது எப்படி இத்தனை பேரில் என்னிடமே வரும் என்று மனம் உடனே கணக்குப் போட ஆரம்பித்தது. சனிக்கிழமை மத்தியானம், தமிழ்நாட்டுப் பாடம், இந்த நேரத்தில் இதற்கு உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அப்படியொன்றும் நடக்கவே நடக்காத காரியம் இல்லை. பார்த்தாயா, இப்பவும் மூளை கணக்குத்தான் போடுகிறது. இதை என்னவென்று சொல்ல!

முதலில் தோன்றியது எழுந்து போய்க் கதவைத் தட்டலாம் என்பது. தட்டி என்ன சொல்ல? ஏளா, நீ கேட்டது என்ட்டதான் வந்துச்சு, வா, நான் சொல்லித் தாரேன் என்றா? அப்படிச் சொன்னால் பிள்ளை அதற்கப்புறம் அந்தச் சாரிடமும் கேட்காது. கேட்க யாருமே இல்லாமல் போய்விடும். இரண்டாவது, ஸ்கிப். மதுரையிலோ சேலத்திலோ வேறு ஒருத்தர் எழுதட்டும், நமக்கு எதற்கு இந்தச் சோதனை. கை அங்கே போகவில்லை. மூன்றாவதாக, வழக்கமான பதிலை எடுத்து ஒட்டினாள். நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கண்டேன். தனிமையாக இருக்கிறாய் என்று அறிந்து வருந்தினேன். கவலைப்படாதே, மனத்தைத் தளரவிடாதே. நூலகத்துக்குப் போ, விளையாட்டில் சேர், புன்னகையோடு பேசு, விரைவில் நிறைய நண்பர்கள் கிடைப்பார்கள். இங்கிலீஷில் வழுவழுவென்று இருந்தது, ஒரு கமா பிசகவில்லை, முழு மார்க் நிச்சயம். படித்துப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். அந்தச் சாயங்காலம் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதற்குப் பவுடர் போட்டுப் பொட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை மாசமாக எத்தனை பிள்ளைகளுக்கு இதை அனுப்பியிருப்பாள். அதில் எத்தனை வீட்டுப்பாடத்துக்காகக் கேட்டது, எத்தனை நிஜமாகவே கேட்டது? ஓரத்தைத்தான் பார்த்தாளே, ரஸ்க்கையும் கைலியையும். சீ, என்ன பிழைப்பு என்று வந்தது. உடனே, பிழைப்பை ஏன் குறை சொல்ல வேண்டும், பிழைப்பு ஒன்றும் செய்யவில்லை என்றும் வந்தது. கடிகாரம் மஞ்சளானது. ஒட்டியது முழுவதையும் அழித்தாள். வெள்ளையாக இருந்தது திரை.

என்ன எழுத? தோழிக்குத் தோழி எழுதுகிறாள், அதாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு எழுதுகிறது. ‘அன்புள்ள’ என்று தட்டினாள். அடுத்து, யாரும் உன் பக்கத்தில் உட்காருவதில்லை என்று எழுதியிருந்தாய் என்று வந்தது, அது தர்ஷனாவின் வார்த்தையாயிற்றே, கண்டுபிடித்துவிடுவாள் என்று அழித்தாள். உன்னை எல்லோருக்கும் பிடிக்கும் என்று வந்தது, அது உனக்கு எப்படித் தெரியும், நீ போய்ப் பார்த்தாயா என்று தானே தன்னை மடக்கி அதையும் அழித்தாள். என் தங்கமே என்று வந்தது, எந்தத் தோழி தங்கமே என்பாள், அழித்தாள். இந்த வேலையில் சேர்ந்த நாளில் கம்பெனிக்காரர்கள் சொன்ன முதல் சட்டம், விடை சொல்லுங்கள், மாணவரிடம் கேள்வி கேட்காதீர்கள். கேள்வி கேட்டால் மாணவர் குழம்புவார். சுயம்புகனி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள், வேலைக்கு மட்டுமா, அடுப்படியிலும், படுக்கையிலும், பிள்ளை தலை பின்னும்போதும். யார் என்ன சொன்னாலும் அவளிடம் விடை இருந்தது. திரையின் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கத் தொடங்கியது. அவள் இங்கிலீஷில் எழுதினாள், தமிழில் சொன்னால் இவ்வளவுதான் வரும். ‘உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் எனக்கு அழுகை வந்தது. உனக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. புது இடத்தில் தனியாக இருப்பது கஷ்டம்தான். நீ சொன்னதை நான் நம்புகிறேன். உனக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசு, நான் கேட்கிறேன். மத்தியானம் நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? அதை மட்டும் எனக்கு எழுது.’ கீழே அன்புத் தோழி என்று முடித்தாள். இதற்கு முழு மார்க் வராது. ஆறுதல் எங்கே, அறிவுரை எங்கே என்று சிவப்பு மையில் கேட்பார்கள். கேட்கட்டும். சிவப்பு அடங்குவதற்குள் அனுப்பிவிட்டாள். இதைப் பிள்ளை அப்படியே தன் கையால் நோட்டில் எழுதும் என்பது அனுப்பிய பிறகுதான் தோன்றியது.

அடுத்த கேள்வி உடனே வரவில்லை. அனுப்பிய விடைக்குக் கீழே ஒரு பெட்டி உண்டு, சந்தேகம் இருந்தால் பிள்ளை ஒரே ஒரு முறை கேட்கலாம். பெரும்பாலும் நன்றி சார் என்று வரும், அல்லது ஒன்றும் வராது. சுயம்புகனி சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் இலங்கை மாதிரி ஒரு திட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. படித்திருப்பாளா? சின்னதாக இருக்கிறது என்று முகத்தைச் சுளித்திருப்பாளா? இந்தச் சாருக்கு இங்கிலீஷே தெரியாதுபோல என்று நினைத்திருப்பாளா? நினைக்கட்டும். கட்டில் கிறீச்சென்றது. எழுந்தாளா, திரும்பிப் படுத்தாளா? முடிவு வராது. அந்தப் பெட்டியில் மூன்று புள்ளிகள் தோன்றின, பிள்ளை ஏதோ தட்டுகிறது. நின்றது. மறுபடி தோன்றியது. கதவுக்குப் பின்னால் நடப்பதைத் திரையில் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று தன்னைத் தானே நொந்துகொண்டாள். பிறகு வந்தது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ‘சார், கடைசியில ஒரு கேள்வி இருக்குல்லா, அதையும் லெட்டர்ல எழுதணுமா? நான் வாட்டர் டேங்க் பக்கத்துல உள்ள படியில உக்காந்துதான் சாப்பிடுதேன். பாதிக்கு மேல காக்காவுக்குத்தான் போடுதேன். தனியா தின்னா எறங்க மாட்டுக்கு.’

காலி டப்பா. தினமும் சாயங்காலம் அதைக் கழுவும்போது அவளுக்கு இருந்த நிம்மதி. துடைத்த மாதிரி காலி, ஆகவே பிள்ளை தின்றது, ஆகவே கூட்டாளிகளோடு தின்றது, ஆகவே ஒன்னுமில்ல. ராஜதுரையிடம் இப்போதுதானே சொன்னாள், காற்றுக்கு மேலே சத்தம் போட்டுச் சொன்னாளே. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முடிவு வராது, முடிவு வராது என்று எழுதிக் கொடுத்த கை, தன் வீட்டு டப்பாவை மட்டும் பார்த்த உடனே முடிவு கட்டிவிட்டது. காக்காய்கள் தின்றிருக்கின்றன. லெமன் சாதம் வைத்த அன்றைக்கும், முட்டை வைத்த அன்றைக்கும், ஆசையாய்க் கேட்டாளே என்று உளுந்தஞ்சோறு வைத்த அன்றைக்கும். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. ‘ஆமாம், அந்தக் கேள்வியையும் எழுது’ என்று பதில் தட்டி அனுப்பினாள். திரை சுற்றியது, நின்றது. புதுக் கேள்வி, பச்சைக் கடிகாரம். ஆறு பேர் ஒரு வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சுயம்புகனி ஸ்கிப்பை அமுக்கினாள். அடுத்தது வருவதற்குள் எழுந்துவிட்டாள்.

கதவைத் தட்டினாள். “என்ன?” “தொற.” தாழ்ப்பாள் விலகியது. தர்ஷனா திறந்துவிட்டு முகத்தைக் காட்டாமலே கட்டிலுக்குத் திரும்பிப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். போன் கிளி விரிப்பின்மேல் குப்புறக் கிடந்தது, வாலில்லாத கிளிக்குப் பக்கத்தில். நோட்டு மடியில் திறந்திருந்தது. “எனக்கு டீ வேண்டாம்” என்றாள் பிள்ளை. “டீ ஒன்னும் போடல.” “பெறவு?” “ஒன்னு—” என்று வாயெடுத்தவள் அந்தச் சொல்லை முழுங்கினாள். “கொஞ்சம் நகரு.” தர்ஷனா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஓரமாக நகர்ந்தாள். சுயம்புகனி பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரியாததைக் கடிதத்தில் எழுதுவது சுலபமாக இருந்தது, நேரில் உட்கார்ந்து தெரியாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சொல்லிவிடலாமா, அந்தச் சார் நான்தான் என்று? இன்றைக்கு வேண்டாம். ஃபேன் சுற்றியது. கீழே ஸ்கூட்டர் ஒருவழியாகக் கிளம்பிப் போனது. ஹாலில் லேப்டாப் ஒருமுறை கத்தி ஓய்ந்தது, யாருடைய கேள்வியோ சிவப்பாகிக்கொண்டிருந்தது.

“அம்மா.”

“ம்.”

பிள்ளை நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நான் ஸ்கூல்ல எங்க உக்காந்து சாப்பிடுதேன்னு நீ ஒருநாளாவது கேட்டிருக்கியா?”

அதில் கோபமில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருத்தர் கேட்டுவிட்டார், நீ கேட்கவில்லை, அவ்வளவுதான். சுயம்புகனி இல்லை என்று தலையை ஆட்டினாள். கடித்த நகமுள்ள அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், பிள்ளை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு, விடை தெரியாதவளைப்போல, முதல்முறையாகக் கேட்கிறவளைப்போலக் கேட்டாள்.

“ஏளா, எங்க உக்காந்து சாப்பிடுத?”

தர்ஷனா ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.